அத்தியாயம் 6: கோட்டையிலிருந்து பட்டணம் கோயில் வரை

ஜார்ஜ் டவுனுக்கு வகுப்பை அழைத்துப்போக நாள் குறிப்பதாக இருந்தால் சனிக்கிழமையைக் குறியுங்கள். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரத் தெருக்கள் ஓய்ந்துவிடும். பூட்டிய ஷட்டர்களைப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வாரநாளில் தலைமைச் செயலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களும் உயர் நீதிமன்றத்துக்கு வழக்கோடு வருகிறவர்களுமாகப் பாரிமுனை நிரம்பி வழியும். சனிக்கிழமை அலுவலகங்கள் அடங்கியிருக்கும், கடைகள் மட்டும் திறந்திருக்கும். மாதம் என்று பார்த்தால் பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. பங்குனி பிறந்தால் வெயிலும் தேர்வும் சேர்ந்தே வரும்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஏற்ற நடை இது. எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஐரோப்பியர் வருகை ஒரு பாடமாகவே இருப்பதால் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் காரணம் சொல்வது எளிது. அதற்குக் கீழே உள்ள வகுப்புகளைக் கூட்டிப்போனால் நீங்கள் வரலாறு சொல்லமாட்டீர்கள், பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பீர்கள்.

ஒரே ஒரு கேள்வி

இந்தப் பகுதியில் பார்க்க வேண்டியவை என்று எழுதத் தொடங்கினால் ஒரு குயர் நோட்டு போதாது. அப்படி ஒரு பட்டியலோடு போகிற வகுப்பு எதையும் பார்க்காது. முதல் மூன்று இடங்களில் மாணவர்கள் அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுதுவார்கள். நான்காவது இடத்திலிருந்து பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். எனவே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் சொல்கிற இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிடுங்கள். நான் பரிந்துரைக்கும் கேள்வி: கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே இருந்த ஊர் எங்கே போயிற்று?

கேள்வி புரிய வேண்டுமானால் கதை தெரிய வேண்டும். 1639 ஆகஸ்ட் 22 அன்று கடலோர மணல்பரப்பு ஒன்றில் கோட்டை கட்டிக்கொள்ளும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனி சார்பில் பேசியவர் பிரான்சிஸ் டே; அவருக்குத் துபாஷியாக இருந்து காரியத்தை முடித்துக்கொடுத்தவர் பேரி திம்மப்பா. அடுத்த ஆண்டு கோட்டை எழும்பத் தொடங்கியது. கோட்டைக்குள் ஐரோப்பியர் வீடுகள். வடக்கு மதிலுக்கு வெளியே நெசவாளர்களும் சாயம் போடுகிறவர்களும் வணிகர்களும் குடியேறிய ஊர். கம்பெனியின் வரைபடங்கள் முதலாவதை வெள்ளையர் நகரம் என்றும் இரண்டாவதைக் கறுப்பர் நகரம் என்றும் கூச்சமே இல்லாமல் குறித்தன.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இரண்டும் அருகருகே இருந்தன. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் மதிலை ஒட்டிய வீடுகளை அவர்கள் இடித்திருந்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்தார்கள். மதிலோரம் வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவிலேயே கோட்டை வரை வந்துவிடுவான், பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அங்கே குடியிருந்த தமிழரும் தெலுங்கரும் மேலும் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். அதுதான் புதிய கறுப்பர் நகரம். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைப் பெற்று ஜார்ஜ் டவுன் ஆனதும் அதுதான். இடிக்கப்பட்ட ஊரின் மேல் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது.

இந்தக் கதையைப் பயணத்துக்கு முந்தின வாரமே ஒரு பாடவேளையில் சொல்லிவிடுங்கள். பேருந்தில் மைக் பிடித்துச் சொல்வதில் பயனில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. கரும்பலகையில் கோட்டையை வரையுங்கள், கிழக்கே கடலை வரையுங்கள், வடக்கே பழைய ஊரின் தெருக்களை வரையுங்கள். பிறகு டஸ்டரை எடுத்து அந்தத் தெருக்களை அழித்துவிட்டு, இன்னும் வடக்கே புதிய தெருக்களை வரையுங்கள். அழித்த இடத்தில் சுண்ணாம்புத் தடம் மிஞ்சும். அந்தத் தடம் நிஜத்தில் எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடத்தான் போகிறோம் என்று சொன்னால் போதும்.

கிளம்பும் முன்

கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவத்தின் அலுவலகங்களும் இருக்கின்றன. வாயிலில் சோதனை உண்டு. பள்ளியின் முத்திரையிட்ட கடிதம், மாணவர் பெயர்ப்பட்டியலின் இரண்டு பிரதிகள், ஆசிரியர்களின் அடையாள அட்டை ஆகியவை கையில் இருக்கட்டும். மாணவர்களிடம் காம்பஸ் பெட்டி வேண்டாம்; பையைச் சோதிக்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டு நிற்க நேரும். அருங்காட்சியகம் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் மாதமானால் காவல்துறையிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் வகுப்பைக் கூட்டிச்செல்வது தனி அனுமதி வேண்டிய காரியம். இந்தப் பயணத்துக்கு வெளிச்சுவரே போதும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த வளாகத்தின் வாயில்களை ஒரு முழுநாள் அடைத்துவைக்கிற வழக்கம் ஒன்று உண்டு. உள்ளே பொதுவழி உரிமை யாருக்கும் ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காக. சட்டம் படிக்கப்போகிறேன் என்று சொல்லும் மாணவர் வகுப்பில் எப்போதும் ஒருவராவது இருப்பார். அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

பேருந்து வேண்டுமா என்று யோசியுங்கள். ஜார்ஜ் டவுன் தெருக்களுக்குள் பேருந்து நுழையாது, ஓரமாக நிறுத்தவும் இடம் கிடையாது. சென்னைப் பள்ளியாக இருந்தால் மின்சார ரயிலில் சென்னைக் கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்துவிட்டு, திரும்பும்போது உயர் நீதிமன்ற மெட்ரோவில் ஏறுவது நல்ல ஏற்பாடு. வெளியூரிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் தீவுத்திடல் பக்கம் வண்டியை நிறுத்த இடம் கிடைக்குமா என்று ஓட்டுநரை முதலிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள்.

நாற்பது பேருக்கு நான்கு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், இருவர் நடுவில் சாலைப் பக்கமாக. கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் எந்த மாணவரும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் யாரும் தொலையமாட்டார்கள். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பள்ளியின் பெயரும் இரண்டு ஆசிரியர்களின் கைப்பேசி எண்களும் எழுதிய அட்டை இருக்கட்டும். தெருவுக்குள் தட்டு ரிக்‌ஷாவும் மீன்பாடி வண்டியும் மூட்டை சுமக்கிறவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள், நாம்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். “வழி விடுப்பா” என்ற குரல் கேட்டதும் வரிசை சுவரோரம் ஒதுங்க வேண்டும். இதைப் பள்ளி மைதானத்தில் ஒருமுறை பழக்கிவிடலாம்.

கழிப்பறைதான் இந்தப் பயணத்தின் உண்மையான சிக்கல், குறிப்பாக மாணவிகளுக்கு. அருங்காட்சியகத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் போய்வந்துவிட வேண்டும். அடுத்த ஏற்பாட்டுக்கு, ஜார்ஜ் டவுனில் இருக்கும் பழைய பள்ளிகளில் ஒன்றின் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். மதிய உணவுக்கு ஒரு தாழ்வாரமும் கழிப்பறையும் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கடிதத்தோடு நிற்காமல் தொலைபேசியிலும் பேசிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கட்டிவரச் சொல்லலாம். தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும்.

நடக்கச் சிரமப்படும் மாணவர் இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இங்கே நடைபாதை என்று சொல்லத்தக்கது குறைவு, இருப்பதும் உடைந்து கிடக்கும். ஒரு ஆட்டோவை அந்தக் காலைப்பொழுதுக்கு முழுவதுமாக அமர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வகுப்போடு சேரும்படி செய்யலாம். செலவைப் பயணக் கணக்கிலேயே போடுங்கள், அந்தப் பெற்றோரிடம் தனியாகக் கேட்க வேண்டாம்.

ஒரு வாரம் முன்னால், அதே சனிக்கிழமை, அதே நேரத்தில் நீங்கள் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கடிகாரத்தில் பார்த்த நேரத்தை ஒன்றரையால் பெருக்கினால் வகுப்பு நடக்கும் நேரம் வரும்.

கோட்டைக்குள்

அருங்காட்சியகக் கட்டடம் 1795-ல் முடிந்தது. வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய பொதுச் சந்தை மண்டபம் அது. எல்லா அறைகளையும் சுற்றிக் காட்ட ஆசைப்படாதீர்கள், மூன்று பொருள்கள் போதும். ஒன்று, 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக்கொடி. இன்னொன்று, 1840-ல் சீனாவில் பிடிபட்ட சென்னைப் பீரங்கிப்படை அதிகாரி ஆன்ஸ்ட்ரூதரை அடைத்துவைத்திருந்த மரக்கூண்டு. அதன் அளவைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் அபினிப்போர் பாடத்தைத் தாமாகவே தொடங்கிவைக்கும். மூன்றாவது, பழைய சென்னையின் படங்களும் வரைபடங்களும். மதிலோரம் அலை வந்து மோதுவதைப் பழைய ஓவியங்களில் காட்டி, இப்போது கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியபோது தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து கரை அகன்றது. மெரினாவின் அகலத்துக்கு அதுவே காரணம். புவியியல் ஆசிரியரும் உடன் வந்தால் இங்கே பத்து நிமிடம் அவரிடம் விட்டுவிடுங்கள்.

இதே கட்டடத்தின் உச்சியில்தான் 1796-ல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. அடுத்தது 1844-ல், உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் உயரமான கல் தூண். மூன்றாவது, 1894-ல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் தலையில். நான்காவது, 1977 முதல் மெரினாவில். மூன்றை இந்த நடையிலேயே வெளியிலிருந்து பார்த்துவிடலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏன் மாறினார்கள் என்பதைப் பணித்தாளில் முதல் கேள்வியாக வையுங்கள்.

தூய மேரி ஆலயத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். 1680-ல் திறக்கப்பட்டது, சூயஸுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலிகன் ஆலயங்களில் மிகப் பழையது. ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் இங்கேதான் திருமணம் நடந்தது. வழிகாட்டிகள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள், நீங்கள் நிறுத்தாதீர்கள். உள்ளே நின்று மேலே பார்க்கச் சொல்லுங்கள். கூரையில் மரமே கிடையாது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி செங்கல்லால் வளைத்துக் கட்டிய கனமான கூரை. ஆலயம் கட்டியவர்கள் முற்றுகையையும் மனத்தில் வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

பிறகு வெளியே வந்து காலடியில் பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்தில் பாவியிருப்பவை கல்லறைப் பலகைகள், ஆனால் அடியில் யாரும் புதைக்கப்படவில்லை. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இப்போது நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில் இருந்தது. 1758 இறுதியில் லாலியின் பிரெஞ்சுப்படை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளை மறைவாக வைத்துக்கொண்டு கோட்டையைத் தாக்கியது. முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்து, பலகைகளை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். கறுப்பர்களின் வீட்டை எதற்காக இடித்தார்களோ, தங்கள் முன்னோரின் கல்லறையையும் அதற்காகவே இடித்திருக்கிறார்கள். நம் கேள்விக்குக் கிடைக்கும் முதல் தடயம் இது. பலகைகளில் இருக்கும் ஆண்டுகளைத் தேடச் சொன்னால் வகுப்பே தரையில் குனிந்துவிடும். கல்மேல் உட்காரக் கூடாது, சாக்பீஸால் தேய்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெட்டவெளியைக் கடந்து

கோட்டையிலிருந்து ராஜாஜி சாலை வழியாக வடக்கே நடந்தால் கால்மணி நேரத்தில் பாரிமுனை. முன்பு முதல் கடற்கரைச் சாலை என்று பெயர் பெற்ற சாலை இது. இடப்பக்கம் சிவப்புக் கோபுரங்களோடு உயர் நீதிமன்றம் தெரியும். 1892-ல் திறந்த கட்டடம். அதன் சுற்றுச்சுவரில் எம்டன் நினைவுப்பலகை இருக்கிறது: 1914 செப்டம்பர் 22 இரவில் அந்த ஜெர்மானியக் கப்பல் குண்டு வீசியது, துறைமுகப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. பையன்கள் இங்கே வேண்டுமளவு நிற்பார்கள். ஐந்து நிமிடத்தில் கிளப்பிவிடுங்கள், நம் கேள்விக்கும் எம்டனுக்கும் தொடர்பில்லை.

நீதிமன்றத்தைப் பார்த்து நின்றபடி கரும்பலகைப் படத்தை நினைவூட்டுங்கள். நிற்கிற இடம் டஸ்டரால் அழித்த பகுதி. இங்கே வீடுகள் மட்டும் இருக்கவில்லை; சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்குமான பெரிய கோயிலும் இருந்தது. பட்டணம் கோயில் என்று அழைக்கப்பட்ட அதுவும் இடிக்கப்பட்டது. அந்தக் கோயில் எங்கே போயிற்று என்பதைச் சொல்லிவிடாதீர்கள். நடையின் கடைசி நிறுத்தம் அதுதான்.

சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்தால் டேர் ஹவுஸ். 1788-ல் சென்னைக்கு வந்த வணிகர் தாமஸ் பாரியின் நிறுவனம் எழுப்பிய, 1940-ஆம் ஆண்டுக் கட்டடம். பாரிமுனைக்குப் பெயர் அவரால் வந்தது. கட்டடத்தின் மூலையில் ஒரு பழைய எல்லைத்தூண் இருக்கிறது. வெட்டவெளியின் எல்லை இதுவரை, இதற்குத் தெற்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் நட்ட ஆறு தூண்களில் எஞ்சிய ஒன்று. உயரம் அதிகமில்லை, பார்க்கவும் பகட்டாக இருக்காது. ஆனால் இந்தப் பயணம் முழுவதிலும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். ஊரை இடித்தவர்கள் அது திரும்ப முளைக்கவும் விடவில்லை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது. கட்டடம் தனியாருடையது. காவலரிடம் முறையாகச் சொல்லிவிட்டுப் பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள்.

தெருக்களுக்குள்

டேர் ஹவுஸுக்குப் பிறகு மேற்கே நடந்து ஆர்மீனியன் தெருவில் திரும்புங்கள். வழி கேட்பதானால் அரண்மனைக்காரத் தெரு என்று கேளுங்கள், பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆர்மீனியர் ஆலயம் இப்போதிருக்கும் வடிவில் 1772-ஐச் சேர்ந்தது. மணிக்கூண்டு தனியாக நிற்கும், அதில் ஆறு மணிகள். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இந்த முற்றத்தில் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது முதல் பாலத்தைக் கட்டியவரும் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்தான். சென்னையை வெள்ளைக்காரரும் தமிழரும் மட்டும் கட்டவில்லை என்று பத்து நிமிடம் விரிவுரை செய்வதைவிட, இந்த முற்றத்தின் நிழலில் பத்து நிமிடம் உட்காரவைப்பது மேல். மரமும் அமைதியும் இருப்பதால் இங்கேயே தண்ணீர் குடிக்கவைத்து, தலையை எண்ணிவிடுங்கள். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் வெள்ளோட்டத்தின்போது கேட்டுவையுங்கள்.

இதற்கு மேற்கே பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே தாழ்வாகக் கிடந்த வடிகால் நிலத்தை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் சீர்ப்படுத்திப் போட்ட தெரு. சாலையைக் கடக்கும் முன் ஓர் ஓரத்தில் நிறுத்தி, இது வெறும் சாலை இல்லை, ஒரு எல்லையாகவும் இருந்தது என்று சொல்லலாம். 1707-ல் வலங்கை, இடங்கைச் சாதியார் இடையே எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்பதில் பெரும் கலவரம் மூண்டது. கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்துத் தீர்த்தார்கள்.

சாதியைப் பற்றி மாணவர்களிடம் பேசுவதற்குப் பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானதுதான், ஆனால் இந்த நடையில் இதை விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கோட்டைக்காரன் தோலின் நிறத்தைப் பார்த்து ஊரைப் பிரித்தான் என்று காலையில் சொல்லிவிட்டு, வெளியே இருந்தவர்கள் தங்களுக்குள் தெருவைப் பிரித்துக்கொண்டதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. இன்றைய எந்தச் சாதிப்பெயரையும் எடுக்காமல், அன்றைய இரு அணிகளின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெருவில் நின்று நீளமாகப் பேசவும் வேண்டாம். விவாதம் வகுப்பறைக்குத் திரும்பிய பிறகு.

வியாபாரத் தெருக்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்து. என் தேர்வு ராசப்ப செட்டி தெரு. அதிமதுரம், திப்பிலி, வசம்பு, கடுக்காய் என்று பாட்டி சொன்ன பெயர்களைச் சாக்கில் குவித்துப் பார்க்கும்போது அது அறிவியல் வகுப்பாகவும் ஆகிவிடுகிறது. வள்ளலார் பாடிய கந்தகோட்டமும் இந்தத் தெருவில்தான்.

நாற்பது பேரும் ஒரு கடை முன்னால் கூடினால் அன்றைய வியாபாரம் கெடும். நான்கு நான்கு பேராக, ஆளுக்கொரு கடை. வெள்ளோட்டத்தின்போதே ஐந்தாறு கடைக்காரர்களிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். “ஐயா, இந்தக் கடையை யார் ஆரம்பிச்சாங்க? சரக்கு எந்த ஊர்லேர்ந்து வருது? இந்தக் கட்டடத்து மாடியில முன்னாடி யார் இருந்தாங்க?” என்று மூன்று கேள்விகள் போதும். வாடிக்கையாளர் வந்தால் மாணவர்கள் விலகி நிற்க வேண்டும். ராஜஸ்தானிலிருந்தோ குஜராத்திலிருந்தோ வந்த குடும்பத்தினர் கடையாக இருந்தால் “சேட்டு” என்று கூப்பிடாமல் “ஐயா”, “அண்ணே” என்றே கூப்பிடப் பழக்குங்கள்; தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள், நம்மைவிடச் சரளமாகச் சென்னைத் தமிழ் பேசுவார்கள். பத்து ரூபாய்க்காவது ஏதேனும் வாங்குவது மரியாதை.

இன்னொரு பணி: மேலே பார். கீழ்த்தளம் முழுவதும் ஷட்டரும் பெயர்ப்பலகையுமாக இருந்தாலும் முதல் மாடிக்கு மேல் மரத்தாழ்வாரமும் சுதை வேலையும் கட்டிய ஆண்டும் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒரு தெருவில் எத்தனை கட்டடத்தில் ஆண்டு பொறித்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நடக்கும்போது எண்ணக் கூடாது, நிறுத்திய பிறகுதான். மேலே பார்த்தபடி நடப்பவர் சாக்கடை மூடியில் கால்விடுவார்.

கடைசி நிறுத்தம்

தேவராஜ முதலி தெருவில், பூக்கடைப் பகுதியின் நெரிசலுக்கு நடுவே, சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்னமல்லீசுவரர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் வெட்டவெளியில் நின்று கேட்ட கேள்விக்கு விடை இங்கே. இடித்த கோயிலுக்கு ஈடாகக் கம்பெனி நிலம் கொடுத்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, 1760-களில் கோயிலை இங்கே மறுபடி எழுப்பினார். முன்பு ஒன்றாக இருந்த பட்டணம் கோயில் அப்போதுதான் இரண்டானது. வெளியேற்றப்பட்ட மக்கள் தங்கள் தெய்வங்களையும் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். இதைச் சொல்லும் முன் மாணவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். இரு கோயில்களின் பெயரும் ஒரே சொல்லில் தொடங்குவதை யாராவது ஒருவர் கவனித்துச் சொல்லிவிடுவார். உள்ளே போக விரும்பாத மாணவர்களை வற்புறுத்தாதீர்கள். காலையில் ஆலயத்துக்கும் இதே விதி. கோயில்கள் நண்பகலில் நடைசாத்திவிடும் என்பதால் பன்னிரண்டுக்குள் இங்கே வந்துசேரும்படி நேரத்தைக் கணக்கிடுங்கள். சாப்பாடு இதற்குப் பிறகு.

தங்கசாலை, சௌகார்பேட்டைப் பக்கம் போய்த் தின்பண்டம் வாங்கித்தரச் சொல்லி மாணவர்கள் கேட்பார்கள். பசியோடு நாற்பது பேரை அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிப்போவதை நான் ஒப்பமாட்டேன். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் விற்கும் அத்தோவும் அப்படியே. பெற்றோரோடு இன்னொரு மாலை வரச் சொல்லுங்கள். பழைய மதிலின் எச்சமாக நிற்கும் மாடிப்பூங்காவையும் அதே கணக்கில் சேர்த்துவிடலாம்.

திரும்பிய பிறகு

பத்துப் பக்கக் கட்டுரை கேட்காதீர்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டு வருவார்கள். குழுவுக்கு ஒரு சார்ட் தாள் கொடுத்து, 1740-ல் இருந்த ஊரையும் இன்று நடந்த வழியையும் ஒரே படத்தில் இரண்டு நிறங்களில் வரையச் சொல்லுங்கள். எல்லைத்தூண் சரியான இடத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது, மதிப்பெண் போட அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

அந்த வாரமே கடைக்காரர்களுக்கும் சாப்பிட இடம் தந்த பள்ளிக்கும் மாணவர்கள் கையால் நன்றிக் கடிதம் எழுதி அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு வகுப்போடு அதே கடைகளுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.